‘மூலிகை’, ‘ஆர்கானிக்’, ‘நேச்சுரல்’ என்று விற்கும் நிறப் பூச்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்தில் மருந்துக் கடை நடத்துகிறேன். காய்ச்சல், சளிக்கு அடுத்தபடியாக எங்கள் கவுன்டரில் அதிகம் பேசப்படுவது தோல் நிறம்தான். சிவப்பாக்கும் கிரீம், வெண்புள்ளியை மறைக்கும் பழுப்பு லோஷன், பத்து நிமிடத்தில் கறுக்கும் மருதாணிக் கோன், ‘அம்மோனியா இல்லாத’ மூலிகை டை என்று எதை எடுத்தாலும் முகப்பில் ஒரு பச்சை இலை இருக்கும். பக்கத்திலேயே ‘நேச்சுரல்’ என்றோ ‘ஆர்கானிக்’ என்றோ எழுதியிருக்கும். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டணம், ஓசூர் பக்கத்து மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கூட்ட நேரத்தில் நின்று விளக்க முடியாததை இங்கே விரிவாகச் சொல்லலாம்.

டப்பாவில் ‘100% நேச்சுரல்’ என்று போட்டிருக்கிறது. அரசாங்கம் சோதித்துப் பார்த்துத்தானே அப்படிப் போட விட்டிருக்கும்?

இல்லை. அழகுசாதனப் பொருள்கள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழும், 2020-இல் வந்த அழகுசாதன விதிகளின் கீழும் வருகின்றன. தயாரிக்க உரிமம் வேண்டும், சில நச்சுப் பொருள்கள் இருக்கக் கூடாது, லேபிளில் இன்னின்ன விவரம் வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஒரு கிரீமில் எத்தனை சதவீதம் செடிகொடி இருந்தால் ‘நேச்சுரல்’ என்று போடலாம் என்பதற்கு அளவுகோல் எதுவும் வைக்கவில்லை. ஆகவே முகப்பில் இருக்கும் அந்த வார்த்தைக்கு ஜவாப்தாரி கம்பெனி மட்டுமே.

‘ஆர்கானிக்’ என்றாலாவது சான்றிதழ் இருக்குமே?

சாப்பிடும் பொருளுக்கு இருக்கிறது. ஆர்கானிக் என்று விற்கும் அரிசி, கேழ்வரகு, வெல்லம் பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அது உணவுக்கானது. அதே போன்ற ஒரு முத்திரையைக் கிரீம் டப்பாவில் அச்சடித்திருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை.

அழகுசாதனத்துக்கு ஐரோப்பாவில் உருவான தனியார் சான்றுகள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது காஸ்மாஸ். அதன் விதியைக் கொஞ்சம் கவனியுங்கள். பூசி விடும் லோஷனில் மொத்த எடையில் 20 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தால் போதும். கழுவி விடும் ஷாம்பு, ஃபேஸ்வாஷ் என்றால் 10 சதவீதமே போதும். தண்ணீர் ஆர்கானிக் கணக்கில் சேராது, லோஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அது நியாயமான விதிதான். ஆனால் வாங்குகிறவர் மனதில் 20 சதவீதம் என்று பதிவதில்லை, முழு டப்பாவும் தோட்டத்திலிருந்து வந்தது என்றுதான் பதிகிறது.

‘98% இயற்கை மூலம்’ என்ற வாசகமும் இப்படித்தான். ஐ.எஸ்.ஓ. 16128 என்ற சர்வதேசக் கணக்கீட்டு முறையில் தண்ணீரையும் இயற்கை மூலப்பொருளாகச் சேர்த்துக்கொள்ளலாம். முக்கால் பங்கு தண்ணீர் உள்ள லோஷன் அந்தக் கணக்கில் முக்கால் கிணற்றை அங்கேயே தாண்டிவிடுகிறது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவில் அதிகமானது முதலில் வருமாறு வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஃபினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை அதிகபட்சம் ஒரு சதவீதம்தான் சேர்ப்பார்கள். குங்குமப்பூ, சந்தனம், ரோஜா எல்லாம் அதற்குப் பின்னால் வந்தால், ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை என்று அர்த்தம். ஓசூர் ரோஜாவை முகப்பில் பெரிதாகப் போட்டு, பட்டியலில் ‘ஆக்வா’வும் ‘பர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லும் மட்டும் உள்ள ரோஸ் ஜெல் எங்கள் கடைக்கும் சாம்பிளாக வந்தது. ‘ஆக்வா’ தண்ணீர். ‘பர்ஃப்யூம்’ வாசனைக் கலவை. அந்த ஜெல்லில் ரோஜாவின் பங்கு படம் மட்டும்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 30 கிராமுக்குக் குறைவான கிரீமுக்கும், 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் சேர்மானப் பட்டியல் போட வேண்டியதில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. சிவப்பழகு கிரீம்கள் பல 15, 20 கிராம் டப்பாவில் வருவதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பட்டியல் இல்லாததாலேயே அது கள்ளச் சரக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் முகத்துக்கு வாங்கும்போது பட்டியல் உள்ள பெரிய டப்பாவையே கேளுங்கள். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், முகவரி, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்ற விவரம் எதுவுமே இல்லையென்றால், சொந்தக்காரரே விற்றாலும் வேண்டாம்.

என் தங்கைக்குக் கையில் வெண்புள்ளி. ‘கரும்பிலிருந்து எடுத்த இயற்கை டேன் லோஷன், வெயிலே படாமல் பழுப்பு நிறம் வரும்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா?

வெளிநாட்டில் வெள்ளைத் தோல்காரர்கள் வெயிலில் படுக்காமலே நிறம் ஏற்றிக்கொள்ளப் பூசும் லோஷன் இது. நம் ஊரில் இதைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வெண்புள்ளி உள்ளவர்கள்தான். மறைப்புப் பூச்சாக இதைத் தோல் மருத்துவர்களும் பரிந்துரைப்பதுண்டு. ஆகவே பொருள் மீது எனக்குக் குறையில்லை. அதை விற்பதற்குச் சொல்லும் கதையோடுதான் சண்டை.

நிறம் கொடுப்பது டைஹைட்ராக்ஸிஅசிட்டோன். சுருக்கமாக டி.எச்.ஏ. என்பார்கள். மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட எளிய சர்க்கரை அது. தோலின் மேலடுக்கில் உள்ள உயிரற்ற செல்களில் இருக்கும் அமினோ அமிலங்களோடு சேரும்போது பழுப்பு நிறம் உண்டாகிறது. கல்லில் தோசை முறுகிச் சிவப்பதும் இதே மெய்லார்டு வினைதான். 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், ஒரு பரம்பரை நோய்க்காகக் குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துவந்தார். தோலில் சிந்திய இடமெல்லாம் பழுப்பானதைக் கவனித்தார். இன்றைய டேன் லோஷன்களின் தொடக்கம் அதுதான்.

இப்போது ‘கரும்பு’க்கு வருவோம். தொழிற்சாலையில் டி.எச்.ஏ.வைப் பெரும்பாலும் கிளிசரினிலிருந்து தயாரிக்கிறார்கள். குளூக்கோனோபாக்டர் என்ற பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, கிளிசரினை டி.எச்.ஏ.வாக மாற்றி, சுத்திகரித்துத் தூளாக எடுப்பார்கள். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்து வந்திருந்தால் ‘தாவர மூலம்’ என்று சொல்வது பொய்யாகாது. ஆனால் தோலுக்கு வந்து சேர்வது சுத்திகரித்த ஒரே ஒரு வேதிப்பொருள். பாலக்கோட்டு ஆலைக்கும் கோபாலபுரம் ஆலைக்கும் லாரியில் போகும் கரும்பை நினைத்துக்கொண்டு இதை வாங்க வேண்டாம். ‘ஆர்கானிக் டேன்’ என்று பெயர் வைத்த லோஷனும் சாதா டேன் லோஷனும் நிறம் கொடுப்பது ஒரே மூலக்கூறால்தான். ஆர்கானிக்காக இருப்பது அதில் சேர்த்த கற்றாழையோ தேங்காய் எண்ணெயோ ஆக இருக்கலாம். அதற்குத்தான் இரண்டு மடங்கு விலை கொடுக்கிறோம்.

வாங்குவதென்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, டி.எச்.ஏ. எத்தனை சதவீதம் என்று தெளிவாக எழுதியுள்ளதை வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் டேன் லோஷன்களுக்கு 10 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இங்கே பொறுப்பேற்கும் நிறுவனத்தின் முகவரியும் டப்பாவில் இருக்க வேண்டும். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டளவு வைத்து ஒரு நாள் பாருங்கள். நிறம் சில மணி நேரத்தில் எட்டிப் பார்க்கும், முழுதாக ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். மேல்தோல் உதிர உதிர ஒரு வாரத்துக்குள் மங்கிவிடும், திரும்பப் பூச வேண்டும். முட்டியிலும் கணுவிலும் தோல் தடிமன் என்பதால் அங்கே திட்டாக ஏறும், கொஞ்சமாகத் தேய்த்தால் போதும். பூசிய கையைச் சோப்புப் போட்டு உடனே கழுவாவிட்டால் உள்ளங்கையும் பழுப்பாகிவிடும்.

இது மறைக்கும், குணப்படுத்தாது. ‘பூசப் பூச வெண்புள்ளி மறைந்துவிடும்’ என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரிக்காகவே அதை ஒதுக்கலாம். வெண்புள்ளி தொற்று நோயும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்குப் போய் நிறம் திரும்புவதற்கான சிகிச்சையைக் கேளுங்கள்.

இயற்கையான பழுப்பு நிறம் என்பதால் வெயிலையும் தாங்கும் என்கிறார்களே?

இதுதான் இந்த விளம்பரங்களில் மிக ஆபத்தான வாசகம். நம் தோலின் சொந்தக் கருமை மெலனின், அது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். டி.எச்.ஏ. தரும் பழுப்பு மெலனின் இல்லை, வெயிலுக்கு அது தரும் பாதுகாப்பு அற்பம். வெண்புள்ளி உள்ள இடத்தில் சொந்த மெலனினும் கிடையாது. நிறம் வந்துவிட்டதே என்று நம்பி மாங்காய்த் தோப்பிலும் தக்காளிக் காட்டிலும் கையை மூடாமல் வேலை செய்தால் அந்தத் திட்டு மட்டும் வெந்து போகும். லோஷன் பூசினாலும் முழுக்கைச் சட்டை, துண்டு, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும்.

அது சர்க்கரை என்றால், சுகர் உள்ளவர்கள் பூசலாமா?

பூசலாம். மேல்தோலிலேயே வினை முடிந்துவிடுகிறது, ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. தோலில் புண் இருந்தால் மட்டும் அந்த இடத்தில் வேண்டாம்.

ஸ்ப்ரேயாக அடித்துக்கொள்வது, நிறம் வர மாத்திரை சாப்பிடுவது?

இரண்டும் வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., டி.எச்.ஏ.வை வெளித்தோலில் பூச மட்டுமே அனுமதித்திருக்கிறது. கண், உதடு, மூக்கின் உள்பகுதி ஆகியவற்றில் படுவதற்கும், மூச்சோடு உள்ளே போவதற்கும் அந்த அனுமதி கிடையாது. ‘கேரட் நிறமி’ என்று விற்கும் மாத்திரைகளில் கேந்தாக்சாந்தின் என்ற சாயம் இருந்தால், அது கண்ணின் விழித்திரையில் படிகமாகப் படியக்கூடும்.

கார்போகரிசி எண்ணெய் முழுக்க மூலிகைதானே? அதைப் பூசி வெயிலில் நின்றால் வெண்புள்ளி போகும் என்று நாட்டு மருந்துக் கடையில் சொன்னார்கள்.

மூலிகைதான், அதனால்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கார்போகரிசியில் சோராலன் என்ற வீரியமான பொருள் இருக்கிறது. தோலை வெயிலுக்குப் பல மடங்கு கூச்சமுள்ளதாக மாற்றும். மருத்துவமனைகளில் சோராலனைக் கொடுத்துப் புற ஊதா விளக்கின் கீழ் நொடிக்கணக்கு, நிமிடக்கணக்கு வைத்துச் சிகிச்சை செய்த வழக்கமும் உண்டு. அங்கே அளவு இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். சித்திரை வெயிலில் நம் களத்துமேட்டில் அளவு கிடையாது. புள்ளி இருந்த இடம் கொப்புளமாகி வெந்து, ஆறிய பிறகு புள்ளி முன்பைவிடப் பரவலாம்.

செடியிலிருந்து வந்தது எதுவும் தோலுக்குக் கெடுதல் செய்யாது என்று யாராவது சொன்னால் சேங்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். துணிக்குக் குறி போட வைத்திருக்கும் அந்தக் கொட்டையின் பால் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். மானாவாரிக் காட்டில் களையாக மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் செடிதான், அது பட்டுத் தோல் தடித்துக் கறுத்துப் போன விவசாயிகள் உண்டு.

ஏழே நாளில் சிவப்பாக்கும் மூலிகை நைட் கிரீம் பூசிப் பக்கத்து வீட்டு அக்கா நிஜமாகவே கலராகிவிட்டார். கண்ணால் பார்த்த பிறகும் நம்பக்கூடாதா?

கலரானதை நம்புகிறேன். மூலிகையால் ஆனதை நம்பவில்லை. மஞ்சள், சந்தனம், குங்குமப்பூ, கற்றாழை எதுவும் ஒரு வாரத்தில் மாநிறத்தைச் சிவப்பாக்காது. அவ்வளவு வேகம் கிடைத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பாதரசம் அல்லது ஸ்டீராய்டு.

பாதரசம் மெலனின் உண்டாக்கும் நொதியின் வேலையை நிறுத்துகிறது. நிறுத்துகிற பாதரசம் தோலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. சிறுநீரகம் கெட்டால் கால் வீங்கும், ஆனால் முகத்தில் பூசியதால் கால் வீங்கியிருக்கிறது என்று யாருக்கு உடனே தோன்றும்?

நம் விதிப்படி முகக் கிரீமில் பாதரசம் வேண்டுமென்று சேர்க்கக் கூடாது, தவறிக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா ஒப்பந்தத்தின் நாடுகள், 2025-க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை முழுதாக நிறுத்துவது என்று 2023-இல் முடிவெடுத்தன. அப்படியிருந்தும் வாட்ஸ்அப் குரூப்பிலும் பார்லரிலும் லேபிள் இல்லாமல் கைமாறும் டப்பாவை யாரும் சோதிப்பதில்லை.

வீட்டில் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. மூடியைத் திறந்து வைத்தால் வெளிச்சம் பட்டுக் கிரீம் சாம்பல் நிறமாகவோ பச்சை கலந்த கறுப்பாகவோ மாறுவது. சேர்மானம் எங்கும் எழுதாமலிருப்பது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ‘பூசும்போது தங்க நகை, வெள்ளி நகையைக் கழற்றி வைக்கவும்’ என்ற குறிப்பு. பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து அதை வெளுக்க வைக்கும், அதனால் அந்தக் குறிப்பு. கற்றாழையும் மஞ்சளும் மோதிரத்தை ஒன்றும் செய்வதில்லை. தங்கத்தையே பாதிக்கும் ஒன்றைக் கன்னத்தில் தேய்க்கச் சொல்கிறார்கள் என்று அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த அடையாளங்கள் இல்லாததால் மட்டும் கிரீம் நல்லது என்று ஆகிவிடாது, அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு என்றால் எப்படித் தெரியும்?

முதல் இரண்டு மூன்று வாரம் முகம் பளபளவென்று இருக்கும். பரு அடங்கும், மங்கு குறையும், பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பிறகு தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பாக மெல்லிய நரம்பு தெரியும், முகத்தில் ரோமம் வளரும், அடுப்படியில் நின்றாலே எரியும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும். பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். அப்படியே ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மருந்துக் கடைக்காரியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் உள்ள ஸ்டீராய்டு கிரீம்கள் கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு மருத்துவர் அளந்து தரும் மருந்துகள். 2018-இல் பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். என்னிடம் சீட்டு இல்லாமல் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டும். இதே மருந்தை வெள்ளை டப்பாவில் மாற்றி, மேலே ஆவாரம்பூ படம் ஒட்டி ‘ஹெர்பல்’ என்று விற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

‘மூலிகை’ என்று போட்டிருந்தால் அது சித்த மருந்தா?

இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்துக்குத் தனி உரிமம் உண்டு, டப்பாவிலேயே ‘சித்த மருந்து’, ‘ஆயுர்வேத மருந்து’ என்று இருக்கும், உரிம எண்ணும் இருக்கும். வெறும் ‘மூலிகை’ என்பது எந்த உரிமத்தின் பெயரும் இல்லை.

ஒகேனக்கல்லில் பாட்டிலில் அடைத்து விற்கும் எண்ணெய்?

அருவிக்குப் போகும் முன் தேய்த்துவிட்டுக்கொள்வது காலங்காலமாக நடப்பது, அந்தத் தொழிலாளிகளின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் லேபிள் இல்லாத பாட்டிலை ‘கருமை போகும்’ என்று நம்பி வாங்கி வந்து முகத்தில் தினமும் பூச வேண்டாம்.

மருதாணிக் கோன் பத்து நிமிடத்தில் கறுப்பாக ஏறுகிறது. மருதாணிதானே, என்ன பயம்?

மருதாணி இலையில் நிறம் கொடுக்கும் லாசோன் ஆரஞ்சும் செம்பழுப்புமாகத்தான் ஏறும். மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். கறுப்பு அதில் கிடையாது. பத்து நிமிடக் கறுப்பு பெரும்பாலும் பாரா-ஃபினைலீன்டையமின், பி.பி.டி. என்ற முடிச் சாயத்தின் வேலை. ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது. இன்று கல்யாண வீட்டில் பத்து வயதுப் பெண்ணுக்கு வைத்த கறுப்புக் கோன், நாற்பது வயதில் அவள் முதல் முறை டை அடிக்கும்போது முகமே வீங்க வைக்கலாம். உள்ளூர் மரத்தில் பறித்து அரைத்ததை வைத்துவிடுங்கள், குழந்தைக்கு அது போதும்.

மூலிகை டைக்கும் இதே பதில். மருதாணி முதலில், அவுரி பிறகு என்று இரண்டு கட்டமாகப் போட்டால் செடியிலிருந்தே கறுப்பு வரும், அதற்குப் பொறுமையும் பல மணி நேரமும் வேண்டும். ஒரே சாஷேயில் அரை மணி நேரத்தில் கறுத்தால் பின்பக்கம் படியுங்கள். பி.பி.டி. உள்ள டையில், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ‘அம்மோனியா இல்லை’ என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் பி.பி.டி. இல்லை என்று அது சொல்லவில்லையே.

அப்படியானால் வீட்டில் அரைக்கும் நலங்கு மாவுதான் நல்லதா?

குளிக்க நல்லது. பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், வாசனை தரும், தோலை வறளவிடாது. நிறத்தை மாற்றாது, அதற்காக அரைத்ததும் இல்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போக வேண்டாம். அந்தச் சாறு வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கி, மாதக்கணக்கில் போகாத கருந்திட்டை விட்டுப் போகும். கருமை நீங்கத் தேய்த்ததே கருமையாகிவிடும்.

மகளிர் குழுவில் குப்பைமேனி சோப்பு செய்து சந்தையில் விற்கிறோம். நாங்களும் தப்பு செய்கிறோமா?

விற்பனைக்குச் சோப்பு தயாரிக்க அழகுசாதன உரிமம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். சேர்ப்பதை எல்லாம் தமிழில் அச்சிடுங்கள், காஸ்டிக் சோடாவையும் சேர்த்து. ‘கெமிக்கல் இல்லாதது’ என்று மட்டும் போடாதீர்கள், காஸ்டிக் இல்லாமல் சோப்பு ஏது? உங்கள் சோப்பு நன்றாக இருந்தால் உண்மையைப் போட்டே விற்கலாம்.

அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். பதினைந்து நாளுக்கு மட்டும் பூசிக்கொள்ளலாமா அக்கா?

எனக்கு வரும் கேள்விகளிலேயே மனதுக்குப் பாரமானது இது. பெண்கள் தனியாக, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கூட அம்மா வந்தால் அம்மாதான் கேட்பார், மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வேண்டாம் கண்ணு. பதினைந்து நாளில் நிறம் மாற்றும் எதுவும் முப்பதாவது நாள் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும், அப்போது கல்யாண வீட்டில் முகம் சிவந்து எரியும். வெயிலில் கறுத்த பகுதி மட்டும்தான் இயல்பாகத் தெளியும், அதற்குக் குடையும் சன்ஸ்கிரீனும் சில வாரங்களும் போதும். சட்டைக் கைக்கு உள்ளே உன் தோள் என்ன நிறமோ, அதுதான் உன் நிறம். அதற்கு மேல் ஒரு கிரீமும் கொண்டுபோகாது, கொண்டுபோனால் விஷத்தை வைத்துத்தான் கொண்டுபோகும். கறுத்த தோலைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பே 2014-இல் விதி எழுதியது. பெண் பார்க்க வருகிற வீட்டுக்கும் அந்த விதி வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. மகளுக்குக் கர்ப்பம் தரிக்கும் வயது. பாதரசம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் எங்கே சொல்வது?

பில், டப்பா, பேட்ச் எண் தெரியும்படி போட்டோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் நான்கையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. ரீல்ஸில் வந்து புகழ்ந்தவர்களும் தப்ப முடியாது, விளம்பரம் செய்ய ஓராண்டு தடை விதிக்கவும் அதிகாரம் இருக்கிறது. பொருளிலேயே சந்தேகம் என்றால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

பலர் அறியாத வழி ஒன்று உண்டு. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, கடையில் வாங்கிய அழகுசாதனப் பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை வாங்கலாம். ஒரு குடும்பத்துக்குச் செலவாகத் தோன்றினால், ஒரே கிரீம் பூசும் நாலைந்து பேர் சேர்ந்து செய்யுங்கள்.

நான் ஏற்கெனவே ஒரு வருடமாகப் பூசுகிறேன். இப்போது என்ன செய்வது?

பாதரசம் என்று சந்தேகம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். டப்பாவைக் குப்பையில் போடவோ அடுப்பில் எரிக்கவோ கூடாது, எரித்தால் ஆவியாக வீடு முழுதும் பரவும். இறுக மூடி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு என்று தோன்றினால் ஒரே நாளில் விட்டுவிட்டு அவதிப்படாமல், தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சலும் தூக்கமின்மையும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் போகிறதா என்று அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். கிரீம் பூசியதை வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவர் வேறு காரணம் தேடி மாதங்கள் போகும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே தலையணை, ஒரே துண்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் படுக்கும் கைக்குழந்தை இருந்தால் குழந்தையையும் கூட்டிப் போய்ப் பரிசோதியுங்கள். தலையணை உறையையும் துண்டையும் மாற்றிவிடுங்கள்.